என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை!
வீட்டு ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

எந்த மைக் வாங்கலாம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ்களில் எது நல்லது என்ற கேள்விகள் எப்போதும் வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பகுதி, எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வைத்து, ஹெட்போனை மாட்டிய பிறகு எழும் கேள்விகள். பாடுபவருக்குக் காதில் கேட்பது சரியில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள மைக்கும் உதவாது. சுருதி நழுவும், தாளம் தள்ளும், தொண்டை சீக்கிரம் களைக்கும். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் ஹெட்போனுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இரண்டு மைக் போடும் வசதியுள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன் வாங்கியிருக்கிறேன். லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேர். பாடும்போது குரல் இரண்டு இரண்டாகக் கேட்கிறது. பதிவானதைப் போட்டுக் கேட்டால் ஒரே குரல்தான் இருக்கிறது. எங்கே தவறு? — வாசகர், திருச்சி

உங்கள் குரல் ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் காதுக்கு வருகிறது. பதிவில் கோளாறு இல்லை, கேட்கும் வழியில்தான்.

முதல் வழி குறுக்கு வழி. மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்குள் போன ஒலி, கணினிப் பக்கமே போகாமல் அங்கிருந்தே ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். இன்டர்ஃபேஸின் முகப்பில் ‘டைரக்ட்’ அல்லது ‘டைரக்ட் மானிட்டர்’ என்று எழுதியிருக்கும் பட்டன் இதற்குத்தான். இந்த வழியில் காது உணரும் அளவுக்குத் தாமதம் இருக்காது. இரண்டாவது வழி சுற்று வழி: இன்டர்ஃபேஸ், யூஎஸ்பி, ரீப்பர், மறுபடி யூஎஸ்பி, பிறகு ஹெட்போன். இதில் சில மில்லி விநாடி முதல் பல பத்து மில்லி விநாடி வரை தாமதம் வரும். இரண்டும் திறந்திருந்தால் முதல் குரலைத் துரத்திக்கொண்டு இரண்டாவது குரல் வரும்.

ஒன்றை மூடுங்கள். பாட்டு, பேச்சு, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எதுவானாலும் டைரக்ட் வழியை வைத்துக்கொண்டு ரீப்பரின் வழியை மூடுவதே நல்லது. ரீப்பரில் டிராக்கின் சிவப்பு ரெக்கார்ட் பட்டனுக்கு அருகில் ஒலிபெருக்கி வடிவில் சின்ன பட்டன் இருக்கிறது. அதுதான் ரெக்கார்ட் மானிட்டரிங். அதை அழுத்தி அணைத்துவிடுங்கள். வேறு பதிவு சாஃப்ட்வேர் என்றால், கேரேஜ்பேண்டில் டிராக்கின் மானிட்டரிங் பட்டனையும், கியூபேஸில் டிராக்கின் மானிட்டர் பட்டனையும் அணைக்க வேண்டும். ஏபிள்டனில் ‘இன், ஆட்டோ, ஆஃப்’ என்ற மூன்றில் ‘ஆஃப்’ வைக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிதாரை நேராகச் செருகி, ஆம்ப்ளிஃபயர் ஒலியைச் சாஃப்ட்வேரில் உருவாக்குபவர்களுக்கு மட்டும் இது தலைகீழ். அவர்களுக்கு வேண்டிய ஒலியே சாஃப்ட்வேருக்குள்தான் பிறக்கிறது. டைரக்டை அணைத்துவிட்டு, தாமதத்தைக் குறைக்கும் வேலையில் இறங்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறோம்.

சில கருவிகளில் பட்டனுக்குப் பதில் ஒரு மிக்ஸ் திருகு இருக்கும். ஸ்டைன்பெர்க் யூஆர்22சி, எஸ்எஸ்எல் 2 போன்றவை அப்படி. ஒரு கோடியில் மைக் ஒலி மட்டும், மறு கோடியில் கணினி ஒலி மட்டும், நடுவில் இரண்டும். குரலுக்கும் பின்னணி இசைக்கும் உள்ள விகிதத்தைப் பாடிக்கொண்டே மாற்ற முடியும் என்பதால், புதிதாக வாங்குபவர்கள் இந்தத் திருகு உள்ள கருவியாகப் பார்த்து வாங்கினால் நாள்தோறும் உதவும்.

டைரக்ட் மானிட்டர் போட்டால் குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது. ஹெட்போன் பழுதா? — வாசகி, கோயம்புத்தூர்

பழுதில்லை. முதல் இன்புட்டை இடதுக்கும் இரண்டாவது இன்புட்டை வலதுக்கும் அனுப்பும் ஸ்டீரியோ நிலையில் உங்கள் கருவி இருக்கிறது. இரண்டு மைக் வைத்துப் பியானோ பதிவு செய்ய அது சரி, ஒற்றைக் குரலுக்குச் சரியில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் அந்தப் பட்டனை அழுத்த அழுத்த ஆஃப், மோனோ, ஸ்டீரியோ என்று மாறும். மோனோவில் நிறுத்துங்கள். மற்ற கருவிகளில் தனியாக மோனோ பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவானதும் ஒரு காதில்தான் கேட்கிறது என்றால் அது வேறு காரணம். டிராக்கின் இன்புட் ‘ஸ்டீரியோ 1/2’ என்று இருக்கும். அதை ‘மோனோ, இன்புட் 1’ என்று மாற்றி மறுபடி பதிவு செய்யுங்கள்.

பஃபர் அளவு 64, 128, 256 என்று போகிறது. எதை வைப்பது? குறைத்தால் பட்பட்டென்று வெடிக்கிறது, கூட்டினால் குரல் தாமதமாக வருகிறது. — வாசகர், மதுரை

கணினி ஒலியைச் சாம்பிள் என்ற நுண் துண்டுகளாகக் கையாளும். ஒரு தடவைக்குச் சேர்க்கும் துண்டுகளின் எண்ணிக்கை பஃபர், ஒரு விநாடிக்கு எடுக்கும் துண்டுகளின் எண்ணிக்கை சாம்பிள் ரேட். பஃபர் எண்ணை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் ஒரு வழித் தாமதம் கிடைக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லி விநாடி, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. குரல் உள்ளே போகவும் வெளியே வரவும் வேண்டுமே, ஆகவே இரட்டிப்பாக்குங்கள். அதன் மேல் டிரைவர் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் கூடுதல் பஃபரும், ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்கும் சில்லுகளின் நேரமும் சேரும். 128 வைத்தால் 5.3 மில்லி விநாடியோடு முடிந்துவிடாததற்கு இதுவே காரணம். ரீப்பரில் ஜன்னலின் வலது மேல் மூலையைப் பாருங்கள். சாம்பிள் ரேட், பஃபர் இரண்டுக்கும் பக்கத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் மில்லி விநாடியில் இருக்கும். அவை டிரைவர் சொல்லும் உள்வரும் தாமதமும் வெளிச்செல்லும் தாமதமும். இரண்டையும் கூட்டினால் உங்கள் காதுக்கு வரும் மொத்தத் தாமதம்.

காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லி விநாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ள ஆம்ப்ளிஃபயரைக் கேட்பதற்குச் சமம். கிதார்காரர் அதைப் பொறுத்துக்கொள்வார். பாடகருக்கு முடியாது. ஏன் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். டைரக்ட் மானிட்டர் வழியாகப் பாடுகிறீர்கள் என்றால், நீங்கள் கேட்கும் குரலுக்கும் பஃபருக்கும் சம்பந்தமே இல்லை. 512 வைத்து நிம்மதியாகப் பாடலாம், வெடிப்பும் வராது. பஃபரைக் குறைக்கப் போராட வேண்டியவர்கள், சாஃப்ட்வேர் வழியாகவே கேட்டாக வேண்டியவர்கள் மட்டும்: கிதார் ஆம்ப் ஒலிக்காகவோ, கீபோர்டில் சாஃப்ட்வேர் வாத்தியங்களை வாசிக்கவோ.

நீங்கள் அந்த வகை என்றால் முதலில் டிரைவரைப் பாருங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் ஏசியோ (தாமதம் குறைவான வகை) டிரைவரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். பிறகு ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் அந்த ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். ஏசியோ4ஆல் என்பது விண்டோஸின் சொந்த டிரைவர் மீது போடப்பட்ட மேல்பூச்சு. நிறுவனம் ஏசியோ டிரைவரே தராத கருவிகளுக்கு மட்டும் அதை நாடுங்கள். மேக் கணினியில் இந்தத் தொல்லை இல்லை, அதிலேயே உள்ள கோர் ஆடியோவே போதும்.

வெடிப்புக்கு: இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள், சில லேப்டாப்களில் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் கணினியைப் பிடித்து நிறுத்துகிறது என்று பெயரோடு காட்டிவிடும்.

பஃபர் 64-ல் இருந்தும் தாமதம் குறையவில்லை என்றால் மாஸ்டர் டிராக்கைத் திறந்து பாருங்கள். லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் போன்ற, ஒலியை மாற்றச் சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் பிளக்இன்கள் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதற்காகத் தாமதத்தைத் தாமே சேர்க்கும். பதிவு முடியும் வரை அவற்றை நீக்கி வையுங்கள். மிக்ஸிங்கின்போது பஃபரை 1024-க்கு உயர்த்திவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பஃபரை 64-க்குக் குறைத்து சாஃப்ட்வேர் வழியாகக் கேட்கிறேன். எதிரொலி துளியும் இல்லை. ஆனால் பாடும்போது என் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பதிவைக் கேட்டால் அப்படி இல்லை! — வாசகி, கும்பகோணம்

அருமையான கவனிப்பு. பாடுபவர் தன் குரலை ஹெட்போனில் மட்டும் கேட்பதில்லை. தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக உள்காதுக்கு அது நேராகவும் போகிறது. அதில் தாமதம் கிடையாது. ஹெட்போனில் வருவது சில மில்லி விநாடி பிந்தி வருகிறது. எதிரொலியாகப் பிரித்துக் கேட்கக் காதால் முடியாத அளவு சிறிய இடைவெளி அது. ஆனால் இரண்டும் சேரும்போது சில சுருதிகளில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். 3 மில்லி விநாடி இடைவெளியில் 167, 500, 833 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். குரலின் உடம்பே இருக்கும் பகுதி அதுதான். அங்கே ஓட்டை விழுவதால் குடத்துக்குள் பாடுவது போல ஆகிறது. மற்றவர்கள் உங்கள் பதிவைக் கேட்கும்போது எலும்பு வழிக் குரல் இல்லை, ஆகவே ஓட்டையும் இல்லை.

தாமதத்தை 3-லிருந்து 2 ஆக்கினாலும் பள்ளங்கள் இடம் மாறுமே தவிர மறையாது. தீர்வு டைரக்ட் மானிட்டர்தான். அதிலும் குரல் சன்னமாகக் கேட்டால் இன்னொன்றையும் சோதியுங்கள்: போலாரிட்டி. மைக்கிலோ கேபிளிலோ எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் இணைப்பியின் இரண்டாவது, மூன்றாவது பின்கள் மாறிச் சாலிடர் செய்யப்பட்டிருந்தால், ஹெட்போனில் வரும் குரல் எலும்பு வழிக் குரலுக்கு நேர் எதிராக இயங்கி அடித்தளத்தைத் தின்றுவிடும். வேறு கேபிள் போட்டு, தாழ்ந்த சட்ஜத்தில் ‘ம்’ என்று நீட்டிப் பாடிப் பாருங்கள். எந்தக் கேபிளில் குரல் கனமாகவும் தலைக்கு நடுவிலும் கேட்கிறதோ அதுவே சரியானது.

பின்னணி இசை ஓடும்போது என் குரல் எனக்குக் கேட்பதே இல்லை. கெயினைக் கூட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. — வாசகர், சேலம்

மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் திருகு பதிவுக்கு. ஹெட்போன் திருகு காதுக்கு. காதில் கேட்கவில்லை என்பதற்காகக் கெயினைத் தொடவே கூடாது. சிவப்பு எரிந்த இடங்களில் குரல் வெட்டுப்பட்டுவிட்டது, பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது.

நீங்கள் பயன்படுத்தும் கரோக்கி டிராக் ஏற்கெனவே மாஸ்டரிங் முடிந்தது. அதன் உச்சம் மீட்டரின் மேல் எல்லையான 0 டெசிபலை ஒட்டியே நிற்கும். உங்கள் குரலோ, சரியாகப் பதிவு செய்தால், சராசரியாக −18 டெசிபலில் இருக்க வேண்டும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் குரல் மூழ்கத்தான் செய்யும்.

பாட்டின் மிக உரத்த வரியைப் பாடிக்கொண்டே கெயினை வையுங்கள். மீட்டர் உச்சம் −12-க்கும் −8-க்கும் இடையில் நிற்கட்டும். பதிவின்போது எல்லோரும் சோதனையில் பாடுவதை விட உணர்ச்சியில் கூடுதலாகத்தான் பாடுவார்கள், அதற்கு இடம் வேண்டும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது இந்த அளவு குறைவே அல்ல. பிறகு கரோக்கி டிராக்கின் ஃபேடரை −12 டெசிபலுக்கு இறக்குங்கள். இப்போது எல்லாமே சன்னமாகக் கேட்கும். ஹெட்போன் திருகைக் கூட்டுங்கள். குரலும் இசையும் சேர்ந்தே மேலே வரும், விகிதம் குலையாது. இன்னும் குரல் போதவில்லை என்றால் இசையை மேலும் மூன்று டெசிபல் இறக்குங்கள், கெயினை அல்ல.

ப்ளூடூத் ஹெட்போன் போதாதா? — வாசகர், வேலூர்

போதாது. சாதாரண ப்ளூடூத்தில் தாமதம் 100 மில்லி விநாடிக்கு மேல் போகும். இசையைப் பிந்திக் கேட்டுப் பிந்திப் பாடுவீர்கள். கேபிள் வழியாக ஓடும் வசதியும் உங்கள் ஹெட்போனில் இருந்தால் அப்படிப் பயன்படுத்தலாம்.

பதிவில் என் குரலுக்குப் பின்னால் கிளிக் சத்தமும் தம்புராவும் மெல்லக் கேட்கின்றன. கர்நாடக இசை பாடுகிறேன். தம்புரா கேட்டால் என்ன குறை, எப்படியும் கூடத்தானே ஒலிக்கப்போகிறது? — வாசகி, சென்னை

தாளம் காட்ட ஓடும் கிளிக்கை எல்லோரும் கவனிப்பார்கள். தம்புரா கசிவை நல்லது என்றே பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். குரல் டிராக்கில் கசிந்த தம்புரா, பிறகு நீங்கள் சேர்க்கும் தனித் தம்புரா டிராக்கோடு இம்மி சுருதி மாறினாலும் அலையலையாக அதிரும். இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டும் இடத்தில் தம்புராவின் மீட்டு திடீரென்று தாவும். உரத்ததை அமுக்கிச் சன்னமானதை உயர்த்தும் கம்ப்ரஸர் போட்டதும் இன்னும் மோசம்: நீங்கள் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் தம்புரா மேலே எழும்பி, பாடத் தொடங்கியதும் அமுங்கும். நிரவலில் நீண்ட மௌனங்கள் விடும்போது அது அப்பட்டமாகத் தெரியும். குரல் டிராக்கில் குரல் மட்டும் இருப்பதே நல்லது.

கசிவின் அளவை முதலில் அளந்துவிடுங்கள். எல்லாவற்றையும் பாடும்போது உள்ளபடியே வைத்து, ஹெட்போனைத் தலையில் மாட்டி, மைக் முன்னால் நின்று, வாய் திறக்காமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். மீட்டரில் −60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. −45-க்கு மேல் என்றால் மிக்ஸில் நிச்சயம் தலைகாட்டும்.

குறைக்க வழிகள். காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த ஹெட்போன் வேண்டும். பின்புறம் திறந்த வகையும் பாதி திறந்த வகையும் மிக்ஸிங்குக்கு நல்லவை, மைக் முன்னால் ஆகாதவை. காதணி, கண்ணாடிக் காம்பு, காதுக்கு மேல் வரும் பின்னல் எல்லாம் குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி விடும். அந்த இடைவெளிதான் கசிவின் வாசல், காதணியைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். உலர்ந்து வெடித்த குஷனை மாற்றிவிடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் போதும். இரண்டடி தள்ளி நின்றால் கெயினைக் கூட்ட வேண்டிவரும், கசிவும் கூடவே உயரும்.

கிளிக்கின் கூர்மையான ‘டிக்’ ஒலிதான் அதிகம் கசியும். சாஃப்ட்வேரில் கிளிக்கின் ஒலியை மாற்றலாம். மரத்தைத் தட்டுவது போன்ற தாழ்ந்த ஒலியை வைத்து, அதன் அளவையும் குறையுங்கள். இறுதியில் குரல் நீண்டு தேயும் இடம் வருவதற்கு முன்பே கிளிக் நின்றுவிடுமாறு செய்யுங்கள்.

சுருதி பிடிபடவில்லை என்று ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுவது பலரின் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் திறந்த பக்கத்துக் குவளை காற்றில் பாடிக்கொண்டிருக்கும். அதைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்தி வையுங்கள், அல்லது இசையையும் தம்புராவையும் மூடிய காதுப் பக்கம் மட்டும் கேட்கும்படி பேன் செய்துவிடுங்கள்.

250 ஓம் ஹெட்போன் தரமானது என்று சொல்லி வாங்கினேன். திருகை முழுதும் திருப்பினாலும் சத்தம் போதவில்லை. — வாசகர், திருநெல்வேலி

யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் இயங்கும் இன்டர்ஃபேஸ்களுக்குக் கிடைப்பது 5 வோல்ட். அதில் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் உண்டாக்கி, மீதியில்தான் ஹெட்போனை ஓட்ட வேண்டும். 250 ஓம் போன்ற உயர் இம்பீடன்ஸ் (மின்தடை) ஹெட்போன் உரக்கப் பாட அதிக வோல்டேஜ் கேட்கும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று கிடைக்கிறது. வீட்டு இன்டர்ஃபேஸுக்கு 32 அல்லது 80 ஓம்தான் பொருத்தம். ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் 35 ஓம், எம்50எக்ஸ் 38, சோனி எம்டிஆர்-7506 63, சென்ஹைசர் எச்டி 280 புரோ 64. நான்கும் அடைத்த வகை, நான்கும் சிறு இன்டர்ஃபேஸில் நன்றாக ஓடும். ஓம் மட்டுமே தீர்மானிப்பதில்லை, எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி என்ற அளவும் சேர்ந்துதான். உங்களிடம் இருப்பதை விற்க வேண்டாம். தனி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டில் இணைத்தால் அது தன் முழு அழகையும் காட்டும்.

செல்போனுக்கு வந்த இயர்போனைக் கன்வெர்ட்டர் போட்டுச் செருகினேன். பாட்டில் பாடகரின் குரல் மட்டும் காணோம், வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் கேட்கின்றன. — வாசகி, ஈரோடு

பின்னைக் கவனியுங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது மைக்கோடு கூடிய இயர்போன். இன்டர்ஃபேஸின் ஜாக் இரண்டு வளையப் பின்னுக்கானது. கிரவுண்ட் சரியாகத் தொடாதபோது இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கழிபட்டு, நடுவில் உள்ள குரல் காணாமல் போகும். இயர்போனின் மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறதா? வந்தால் இதுதான் காரணம். மைக் இல்லாத, இரண்டு வளைய ஹெட்போனே வேண்டும். பெரிய ஜாக்குக்கான கன்வெர்ட்டரை சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ஆடியோ கடையிலோ ‘பி-38 ஸ்டீரியோ’ என்று கேட்டு வாங்குங்கள். மோனோ பின்னைக் கொடுத்துவிட்டால் ஒரு காது ஊமையாகிவிடும்.

கொஞ்சம் ரிவெர்ப் இல்லாமல் என்னால் பாடவே முடியாது. டைரக்ட் மானிட்டரில் குரல் வறட்சியாக இருக்கிறது. — வாசகர், புதுச்சேரி

குரலை டைரக்டிலும், கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலியான ரிவெர்பை மட்டும் சாஃப்ட்வேரிலும் கேளுங்கள். ரிவெர்ப் இயல்பிலேயே பிந்தி வருவதுதான், ஆகவே பஃபரின் தாமதம் அங்கே துருத்தாது.

ரீப்பரில் செய்யும் விதம்: குரல் டிராக்கில் ரெக்கார்ட் மானிட்டரிங்கை ஆன் செய்யுங்கள். அதன் ரூட்டிங் ஜன்னலில் ‘மாஸ்டர் சென்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது சாஃப்ட்வேர் வழிக் குரல் காதுக்கு வராது. புதிய டிராக் ஒன்றில் ரிவெர்ப் பிளக்இன் போட்டு, டிரை (மூலக் குரல்) அளவை முழுதும் இறக்கி, வெட் (ரிவெர்ப்) மட்டும் வையுங்கள். குரல் டிராக்கிலிருந்து அந்த டிராக்குக்கு ஒரு சென்ட் கொடுங்கள். பதிவாவது வறண்ட குரல்தான், ரிவெர்ப் காதுக்கு மட்டும். பதிவு முடிந்ததும் ‘மாஸ்டர் சென்ட்’ டிக்கை மறக்காமல் திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பக் கேட்கும்போது ரிவெர்ப் மட்டும் வந்து, பதிவு கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள்.

ஸ்டைன்பெர்க் யூஆர்22சி போன்ற சில கருவிகளுக்குள்ளேயே ரிவெர்ப் இருக்கிறது, அவற்றுக்கு இந்தச் சுற்று தேவையில்லை. எந்த வழியானாலும் அளவோடு போடுங்கள். ரிவெர்ப் கூடினால் கமகத்தின் முனைகள் மழுங்கி, சுருதி விலகுவது உங்கள் காதுக்கே தெரியாமல் போகும்.

பாடுபவருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஒரே இன்டர்ஃபேஸ், ஒரே ஹெட்போன் துளை. என்ன செய்வது? — வாசகர், யாழ்ப்பாணம்

ஒன்றை இரண்டாக்கும் சாதாரண இணைப்பியில் பிரித்தால் வேலை நடக்கும், ஆனால் ஒருவருக்குக் கூட்டினால் மற்றவருக்கும் கூடும். ஓம் அளவு மாறுபட்ட இரண்டு ஹெட்போன் என்றால் ஒன்று உரக்கவும் மற்றது சன்னமாகவும் ஒலிக்கும். பெரிங்கர் எச்ஏ400 போன்ற நான்கு வழி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் விலை அதிகமில்லை, ஒவ்வொருவருக்கும் தனித் திருகு கிடைக்கும். இன்டர்ஃபேஸின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் ஒன்றால் அதன் இன்புட்டுக்கு இணைத்தால் போதும். டைரக்ட் மானிட்டர் ஒலியும் அதோடு வந்துவிடும்.

பாடும்போது தாளத்தோடு சரியாக இருக்கிறது. திரும்பப் போட்டால் குரல் இசைக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. — வாசகி, தஞ்சாவூர்

டிரைவர் தன் தாமதத்தைத் தவறாகச் சொல்கிறது, சாஃப்ட்வேர் அதை நம்பிக் குரலை வைக்கிறது. ஒருமுறை அளந்து சரிசெய்துவிட்டால் தீர்ந்தது. ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றுங்கள். டைரக்டை அணைத்து, டிராக் மானிட்டரிங்கையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். 48 வோல்ட்டும் ஆஃப். பின்பக்க லைன் அவுட் 1-ஐ ஒரு கேபிளால் இன்புட் 1-இல் செருகி, அதை லைன் நிலையில் வையுங்கள். முதல் டிராக்கில் கூர்மையான கிளிக் ஒன்றை வைத்து ஓட்டி, இரண்டாவது டிராக்கில் பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரத்தைச் சாம்பிளில் எண்ணுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 88 சாம்பிள் என்றால் 2 மில்லி விநாடி. ரீப்பரில் பிரிஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் உள்ள மேனுவல் ஆஃப்செட்டில் அந்த எண்ணைப் போட்டு மறுபடி சோதியுங்கள். இடைவெளி இரட்டித்தால் எண்ணின் முன்னால் கழித்தல் குறி போடுங்கள். ஆடாசிட்டியில் பிரிஃபரன்சஸில் ‘லேட்டன்சி காம்பென்சேஷன்’ என்று இருக்கும். பஃபர் அளவையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மீண்டும் அளப்பது நல்லது.

ஹெட்போனில் ‘ங்ங்’ என்று இரைச்சல். — வாசகர், நாகர்கோவில்

லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் சார்ஜர்தான். சார்ஜர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள், சுவர் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சலைப் போக்க மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பேட்டரியிலும் இரைந்தால் யூஎஸ்பி கேபிளையும் துளையையும் மாற்றுங்கள். மின்விசிறிக்கு டிம்மர் வகை ரெகுலேட்டர் இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள், கிதாரின் பிக்அப் அதன் ரீங்காரத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? நாள் முழுக்க எடிட்டிங் வேலை. — வாசகி, திருவண்ணாமலை

85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் நான்கு மணி, 91-ல் இரண்டு மணி. ஹெட்போன் மாட்டியிருக்கையில் அருகில் ஒருவர் இயல்பாகப் பேசுவது காதில் விழவே இல்லை என்றால் குறைக்க வேண்டிய நேரம். 48 வோல்ட் பட்டனைப் போடும் முன்பும், மைக் கேபிளைக் கழற்றும் முன்பும், ஹெட்போன் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஒரு நொடி வெடிச்சத்தமும் காதுக்குக் கெடுதல்.